எண்பது விழுக்காட்டுச் சோடா

மனிதன் பொய் சொல்வான், தராசு பொய் சொல்லும், சுவரில் மாட்டிய சாமி படம்கூட ஆணியைப் பொறுத்துக் கோணலாக நிற்கும்; இந்தப் பரந்த உலகத்தில் பொய்யே சொல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது பியூரெட்.

இரசாயனச் செம்மல் டாக்டர் சிவநேசன் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் வலக்கையை உயர்த்தி இதைச் சொல்வார். உயர்த்திய கைக்குப் பக்கத்தில், தாங்கியில் மாட்டிய பியூரெட் என்கிற அளவுக் குழாய் அந்நேரம் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருக்கும். முன்வரிசைப் பையன்கள் அதன் அடியில் காலி மைலோ டின் ஒன்றைத் தள்ளிவிட்டுப் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

அவருடைய டியூசன் மையத்தின் பெயர் மெய்ப்பொருள் இரசாயனக் கூடம். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடி. கீழே நாளெல்லாம் மசாலா அரைபடும், மேலே நாளெல்லாம் இரசாயனம் அரைபடும். படியேறுகிறவர் மூக்கில் முதலில் மல்லி ஏறும், பிறகு மிளகாய், பிறகு மஞ்சள். கதவைத் திறந்த பிறகுதான் அமில வாடை. கதவுக்கு மேலே தங்க எழுத்தில் ஒரு பலகை: ‘இங்கே நம்பிக்கைக்கு இடமில்லை, நிரூபணத்துக்கே இடம்.’

பெயருக்கு முன்னால் இருந்த டாக்டர் பட்டம் பெட்டாலிங் ஜெயா ஹோட்டல் ஒன்றில் இராப்போசன விருந்தோடு சேர்த்து வழங்கப்பட்டது. எந்தப் பல்கலைக்கழகம் என்று யாராவது கேட்டால் “வெளிநாடு” என்பார். எந்த நாடு என்றும் கேட்டால், கேட்டவர் திருமுருகனின் ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்.

திருமுருகன் ஒரு காலத்தில் இவருடைய கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்துதான் கூடத்தைத் தொடங்கினார்கள். பேனரில் யார் படம் பெரிதாக இருப்பது என்பதில் பேச்சு முற்றி, அவர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்த் தனியாக மையம் வைத்துக்கொண்டார். அன்று தொட்டு, கிள்ளானில் கரண்டு போனால் திருமுருகன், கழிவறை அடைத்தால் திருமுருகன், ஒரு மாணவன் நின்றுவிட்டால் கட்டாயம் திருமுருகன். பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் இவ்வளவு வேலை பார்க்க வேண்டுமென்றால் உள்ளே ஆள் இருந்தாக வேண்டும். ஆள் இருக்கிறது என்பதில் சிவநேசனுக்குச் சந்தேகமே இல்லை. யார் அந்த ஆள் என்பதில்தான் சந்தேகம்.

இந்த நிலையில்தான் கல்வி அறவாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் நம் பிள்ளைகளுக்கு ‘அமாலி’ என்கிற செய்முறைத் தேர்வில் கைநடுக்கம் போகவேண்டும் என்பதற்காக, சிலாங்கூர் முழுவதற்கும் ஒரு பயிற்சித் திட்டம் நடத்த அறவாரியம் முடிவு செய்திருந்தது. அதை எடுத்து நடத்த ஒரே ஒரு மையம் வேண்டும். சிவநேசன் விண்ணப்பித்திருந்தார். அறவாரியத் தலைவர், டத்தோ பட்டம் பெற்ற தம்புசாமி, ஒரு சனிக்கிழமை நேரில் வந்து அவருடைய வகுப்பைப் பார்ப்பார், பார்த்த பிறகு முடிவு.

சிவநேசன் அன்று மாலையே பேனருக்குச் சொல்லிவிட்டார். ‘மாநிலத் தலைமைப் பயிற்சி மையம்’ என்று அடித்து, சுருட்டி, பொருள் அறையில் அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார். பேனரில் ஒரே ஒரு படம்தான். பெரிது.

“கெடைச்ச பெறகு அடிச்சா ஆகாதா?” என்று கேட்டார் மனைவி சீதாலெட்சுமி. கூடத்தின் முகப்பு மேசையும் அவர் பொறுப்புதான்.

“கெடைக்கும் லா. போட்டின்னு பாத்தா திருமுருகன் ஒருத்தன்தான். அவனுக்குச் சரியா துடைக்கத் தெரியுமா ஒரு பிப்பெட்ட?”

“அவரு போட்டி போடறாருன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அதான் சந்தேகமே. போடலன்னா இவ்ளோ அமைதியா இருப்பானா?”

சீதாலெட்சுமிக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. பிடிபடாத கணக்குகளோடு குடும்பம் நடத்திப் பழகியவர் என்பதால் ரசீதுப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

டத்தோவுக்குக் காட்டச் சிவநேசன் தேர்ந்தெடுத்தது கலப்படம் கண்டுபிடிக்கும் சோதனை. சலவைச் சோடாவில் உப்பைக் கலந்து கொடுத்துவிட வேண்டியது. பார்த்தால் இரண்டும் வெள்ளைத்தூள். மாணவர்கள் அதை எடை போட்டு, தண்ணீரில் கரைத்து, அளந்து குடுவையில் ஊற்றி, சோடா தீர்ந்ததும் நிறம் மாறிக் காட்டும் இண்டிகேட்டரான மெத்தில் ஆரஞ்சை இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டச் சொட்ட விட வேண்டும். சோடாவை அமிலம் தின்னும், உப்பைத் தொடாது. எவ்வளவு அமிலம் செலவானது என்பதை வைத்துத் தூளில் சோடா எத்தனை விழுக்காடு என்று கண்டுபிடித்துவிடலாம். எட்டுப் பங்கு சோடா, இரண்டு பங்கு உப்பு என்று சிவநேசன் தம் கையாலேயே கலந்தார். விடை எண்பது. அந்த எண் தமக்கு மட்டுமே தெரியவேண்டும் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. டத்தோ முன்னிலையில் மாணவர்கள் ஒவ்வொருவராக எண்பது, எண்பது என்று எழுந்து சொல்வதும், டத்தோ கைதட்டுவதும், தாம் அடக்கத்தோடு குனிவதும் அவர் கண்முன் வந்துபோயின. கண்ணாடி முன் ஒருமுறை குனிந்தும் பார்த்தார்.

அழைப்பு வந்த மறுநாள் காலை மாடிப்படியின் அடியில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது. நசுங்கி, குங்குமம் அப்பி.

கீழ்க்கடைக்காரர் புது வேன் எடுத்து முந்தின நாள்தான் பூசை போட்டிருந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஏற்றியதைச் சிவநேசனும் நின்று பார்த்து, “நல்ல வண்டி, போஸ்” என்று வாழ்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். ஆனால் அதெல்லாம் முந்தின நாள். இன்று காலை பார்த்தபோது அது திருமுருகனின் எலுமிச்சம்பழமாகத்தான் தெரிந்தது.

கதவுப் பலகையில் நம்பிக்கைக்கு இடமில்லை என்று எழுதி வைத்தவர் செய்வினைக்குப் பயப்படலாமா? பயப்படக்கூடாது. அதனால் அவர் யாருக்கும் தெரியாமல் பயந்தார். வீட்டுச் சமையலறையிலிருந்து மஞ்சள்தூளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். செடிக்குத் தண்ணீர் பீச்சுகிற பிளாஸ்டிக் போத்தலில் அதைக் கெட்டியாகக் கரைத்தார். மேலே ‘சிறப்புக் கரைசல், யாரும் தொடாதே’ என்று எழுதி ஒட்டினார். தினமும் காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால், மேசை, நாற்காலி, அலமாரி, மூலை முடுக்கு எல்லாவற்றிலும் லேசாகத் தெளித்தார். வாய் மேல்நோக்கி அடுக்கி வைத்திருந்த கூம்புக் குடுவைகளுக்குள்ளும் ஆளுக்கொரு பீச்சு. ஏவிவிட்டது எதுவாக இருந்தாலும் ஒளிந்துகொள்ள அதுதானே வசதியான இடம்?

வாடை வந்தால் கீழ்க்கடை மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் ஒத்திகை நடந்தது. மாணவர்கள் கணக்குப் போட்டு முடித்தார்கள்.

“எவ்வளவு?” என்றார் சிவநேசன், பாதிக் குனிந்த நிலையில்.

“நாப்பது சார்” என்றான் பிரவின்.

“நாப்பத்தொன்னு” என்றாள் வாணி.

மற்றவர்களுக்கும் அதுதான். சிவநேசன் நிமிர்ந்தார். ஒருவனுக்குத் தப்பு வந்தால் அது மடத்தனம். எல்லாருக்கும் ஒரே தப்பு வந்தால் அது சதி. சோடாவில் பாதியை யாரோ எடுத்துவிட்டு உப்பைப் போட்டிருக்கிறார்கள்.

“சார், ஒரு டவுட்” என்று வாணி கையைத் தூக்கினாள். “மெத்தில் ஆரஞ்சு மஞ்சள்லேருந்து ஆரஞ்சா மாறும்னு சொன்னீங்க. எங்களுக்கு மொதல்லயே ஆரஞ்சா இருக்கு. அப்பறம்தான் மஞ்சளா மாறுது.”

“மாறுதா இல்லையா?”

“மாறுது சார். ஆனா திரும்பி மாறுதே?”

“என் பொன்விதி என்னா?”

வகுப்பே சேர்ந்து சொன்னது: “நிறம் மாறினா குழாய மூடு, யோசிச்சா மார்க்கு போயிடும்!”

“மூடினியா?”

“மூடிட்டேன் சார்.”

“அப்ப உக்காரு.”

வாணி உட்கார்ந்தாள். இவள் இவ்வளவு கேள்வி கேட்கிறாளே, இவளுக்குப் பிரிக்பீல்ட்ஸில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று சீதாலெட்சுமியிடம் விசாரிக்க வேண்டும் என்று சிவநேசன் மனதில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் அவர் புதிதாகக் கலவை செய்தார். இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். ஒத்திகையில் மறுபடி நாற்பது. சாவியைக் கழுத்துக்கு மாற்றினார். அப்போதும் நாற்பது.

வகுப்பு கலைந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவரே சோதனை செய்து பார்த்தார். அதே தூள், அதே அமிலம். குடுவை மட்டும் அவருடைய சொந்தக் குடுவை. ஜெர்மனியில் செய்தது, பட்டம் வாங்கிய ஆண்டு தமக்குத் தாமே பரிசளித்துக்கொண்டது. மேசை இழுப்பறையில் பட்டுத் துணி சுற்றிப் பூட்டியிருக்கும், வேறு யாரும் தொட முடியாது. மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு அழகாக மாறியது. கணக்குப் போட்டார். எண்பது. மறுபடியும் செய்தார். எண்பதேதான்.

நாற்காலியில் சாய்ந்தார். எல்லாம் விளங்கிவிட்டது. தாம் செய்தால் எண்பது, அவர்கள் செய்தால் நாற்பது. தூளில் கோளாறு இல்லை, ஆளில்தான் கோளாறு.

ஆள் யார் என்பதும் அந்த வாரமே தெரிந்துபோயிற்று.

ஃபர்ஹானா கூடத்தின் துணை ஆசிரியை. காப்பாரிலிருந்து வருகிற தமிழ் முஸ்லிம் பெண். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, அந்தப் பட்டத்தை விருந்து இல்லாமலேயே வாங்கியவர். கெட்ட நேரம், படித்து முடித்ததும் கொஞ்ச காலம் திருமுருகனிடம் வேலை பார்த்திருந்தார். முதலில் அவர் வந்து சொன்னது குடுவைகளைப் பற்றி.

“சார், பிளாஸ்க்கெல்லாம் உள்ள மஞ்சப் பூத்த மாதிரி இருக்கு. கழுவினாலும் போக மாட்டேங்குது. புதுசு வாங்கலாமா?”

“எங்க வாங்கலாம்னு சொல்றீங்க, டீச்சர்?”

“எங்கயாச்சும், சார். ஷா ஆலாம்ல ஒரு கடை இருக்கு.”

கடையைக் கையோடு சொல்கிறார் பாருங்கள். சிவநேசன் உதட்டோரம் சிரித்தார். “பழைய கண்ணாடி அப்படித்தான் இருக்கும். நாம பாத்துக்கலாம்.”

இரண்டாவது தடவை வந்தபோது ஃபர்ஹானாவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சந்தேகம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் முகத்துத் தெளிவுதான் ஆகாது.

“சார், பசங்க செய்றத நானும் செஞ்சு பாத்தேன். அவங்க மாதிரி மொத மாத்தத்துல நிறுத்தாம தொடர்ந்து அமிலம் விட்டேன். கொஞ்ச நேரம் மஞ்சளாவே இருந்துச்சு. அப்பறம் இன்னொரு தடவை ஆரஞ்சா மாறிச்சு, சார். அத வெச்சுக் கணக்குப் போட்டா எண்பது வருது. பிளாஸ்க்ல வேற ஏதோ இண்டிகேட்டர் ஒட்டியிருக்குன்னு நெனைக்கிறேன்.”

சிவநேசனின் காதில் கடைசி வாக்கியம் ஏறவில்லை. எண்பது என்ற சொல்லிலேயே காது நின்றுவிட்டது. எண்பது என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த எண். யாருக்கும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை. அப்படியிருக்க இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? யாருக்கும் தெரியாத எண்ணைச் சோதனை செய்து கண்டுபிடிப்பதற்காகத்தான் அந்தப் பாடமே இருக்கிறது என்பது, அதை இத்தனை காலம் நடத்தி வந்தவருக்கு அந்த நிமிடம் தோன்றவில்லை.

“எண்பதா?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“ஆமா சார், எண்பது. கரெக்டா?”

“அத நீங்கதான் சொல்லணும், டீச்சர்.”

அன்று முதல் ஃபர்ஹானா சோதனை மேசைப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. கேள்வித்தாள் திருத்துகிற வேலை மட்டும். ஃபர்ஹானா ஏன் என்று ஒரு தடவை கேட்டார். சிவநேசன் “உங்களுக்கே தெரியும்” என்றார். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லிவிட்டால் பதில் பேச யாருக்கும் வராது. ஃபர்ஹானா சிவப்பு மையோடு பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மஞ்சள் தண்ணீரின் அளவும் கூடியது. ஆளை விலக்கிய பிறகும் ஒத்திகையில் நாற்பதே வந்தது என்றால், ஏவிவிட்டது இன்னும் கூடத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒரு பீச்சு இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று.

“என்னாங்க” என்றார் சீதாலெட்சுமி, ஒருநாள் சாப்பாட்டு மேசையில். “மஞ்சத்தூள் டின்னு காத்தாடுது. வீட்ல ரெண்டு வாரமா மீன் கொழம்பே வைக்கல. யாரு எடுக்கறா?”

“எலி” என்றார் சிவநேசன்.

“எலி மஞ்சத்தூள் திங்குமா?”

“இப்போல்லாம் எதையும் நம்ப முடியாது” என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையை மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. ஒத்திகையில் நாற்பது வந்தாலும் அவர் கலங்கவில்லை. வேறு திட்டம் வைத்திருந்தார். இன்று மாணவர்கள் செய்ய வேண்டாம். டத்தோ முன்னால் தாமே, தம் ஜெர்மன் குடுவையில் செய்வார். எண்பது வரும். வந்ததும், இந்தக் கூடத்துக்குள் நடந்த சதியை ஆதாரத்தோடு அம்பலப்படுத்துவார். ஒரே கல்லில் திட்டமும் கிடைக்கும், திருமுருகனின் ஆளும் வெளியே போவார்.

காலையில் வழக்கம்போலத் தெளித்து முடித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து பட்டுத் துணியை அவிழ்த்தார். இன்றைக்கு எல்லாருடைய கண்ணும் இதன்மேல்தானே படும்? இதுவரை இதற்கு ஒருநாளும் தெளிக்காமல் விட்டோமே என்று அவருக்குப் பகீரென்றது. விட்டதற்கெல்லாம் சேர்த்துத் தாராளமாகப் பீச்சி, குடுவையை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னலோரம் காய வைத்தார். பிறகு தண்ணீர் விட்டு அலசினார். இலேசான மஞ்சள் படிந்திருந்தது. வெயில் பட்டு அது பொன்னாகவே தெரிந்தது.

டத்தோ தம்புசாமி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ரயில்வேயில் குமாஸ்தாவாகத் தொடங்கி லோரிகளுக்கு முதலாளியானவர். கீழ்க்கடையில் புதிதாக வாங்கிய மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் கரைத்து, சீதாலெட்சுமி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார். செக்கச் சிவந்த தண்ணீர், நடுவில் சூடம். மூன்று சுற்றுச் சுற்றி டத்தோ நெற்றியில் பொட்டும் வைத்தார். பிறகு தட்டை வாசலோரத்து ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். டத்தோ தங்க எழுத்துப் பலகையை அண்ணாந்து படித்தார். பிறகு ஆரத்தித் தட்டைப் பார்த்தார்.

மாலை, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் ஆயிற்று. வரவேற்புரையையும் சிவநேசனே ஆற்றினார். பியூரெட் பொய் சொல்லாது என்றார். அன்று அது ஒழுகவில்லை. முந்தின நாளே மெழுகு வைத்து அடைத்திருந்தார்.

“டத்தோ அவர்களே, பெற்றோர்களே! இந்தக் கூடத்தில் சில வாரங்களாக ஒரு கறுப்பு ஆடு மேய்ந்துகொண்டிருக்கிறது. அது யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. விஞ்ஞானம் சொல்லும்!”

பின்வரிசையில் ஃபர்ஹானா சிவப்புப் பேனாவின் மூடியை மாட்டினார்.

சிவநேசன் பிப்பெட்டில் சோடாக் கரைசலை எடுத்தார். தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. எல்லாருக்கும் காட்டினார். ஜெர்மன் குடுவையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். கரைசலைக் குடுவைக்குள் விட்டார்.

குடுவை சிவந்தது.

ஆரஞ்சும் இல்லை, ஐயத்துக்கிடமான வேறு நிறமும் இல்லை. நல்ல செங்காவிச் சிவப்பு. சிவநேசன் குடுவையை ஆட்டினார். இன்னும் சிவந்தது.

“சார்” என்றாள் வாணி, முன்வரிசையிலிருந்து. “இண்டிகேட்டர் இன்னும் போடவே இல்ல சார்.”

சிவநேசனுக்கு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, ஏற்கெனவே புரிந்து வைத்திருந்ததே இன்னும் கெட்டியாகப் புரிந்தது.

“பாத்தீங்களா டத்தோ! சாயம்! என் சோடால சாயம் கலந்திருக்காங்க! பூட்டி வெச்ச சோடால!” கை தானாகப் பின்வரிசைப் பக்கம் நீண்டது. “இவங்க முன்னாடி யார்கிட்ட வேலை பாத்தாங்கன்னு கேளுங்க!”

எல்லாத் தலைகளும் திரும்பின. ஃபர்ஹானா எழுந்தார். அழுவார் அல்லது ஓடுவார் என்று சிவநேசன் எதிர்பார்த்தார். அவர் நேராக முன்னால் நடந்து வந்து, தண்ணீர் குடிக்க வைத்திருந்த காகிதக் கப் ஒன்றை எடுத்து, மிச்சமிருந்த சோடாக் கரைசலை அதில் கொஞ்சம் ஊற்றி டத்தோவிடம் நீட்டினார்.

“இதுல என்னா கலர் இருக்கு, அங்கிள்?”

“ஒன்னும் இல்லியேம்மா. தண்ணி மாதிரிதான் இருக்கு.”

ஃபர்ஹானா அடுக்கிலிருந்து ஒரு சாதாரணக் குடுவையை எடுத்து அதே கரைசலை ஊற்றினார். சிவந்தது. அடுத்ததில் ஊற்றினார். அதுவும் சிவந்தது.

“சோடால ஒன்னும் இல்ல. பிளாஸ்க்லதான் இருக்கு. இதத்தான் சார்கிட்ட அன்னிக்கே சொன்னேன்.”

டத்தோ நாற்காலியை விட்டு எழுந்து, குடுவையை வாங்கி, மூக்கருகே கொண்டு போனார். பிறகு மெல்ல வாசல் பக்கம் திரும்பி, ஸ்டூலில் இருந்த ஆரத்தித் தட்டைப் பார்த்தார். மறுபடி குடுவையைப் பார்த்தார்.

“டாக்டர்” என்றார், தம் சின்னக் குரலில். “இதே தண்ணியத்தான் வாசல்ல எனக்குச் சுத்தினாங்க. உள்ள வந்தும் ஒரு தடவை சுத்தணுமா?”

பெற்றோர்களில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். ஆரத்தி எடுக்காத தமிழ் வீடு ஏது? மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், சட்டையில் குழம்புக் கறை மேல் சவர்க்காரம் பட்டால் சிவக்கும். சோடா பட்டால் மட்டும் சிவக்காமலா இருக்கும்? வெறும் தண்ணீருக்கு மஞ்சள் அசையாது, சோடாவைக் கண்டால் கரைந்து வரும். அமிலம் விடும்போது மெத்தில் ஆரஞ்சு கடைசிவரை பொறுத்திருக்கும், மஞ்சளோ பாதி வழியிலேயே தன் நிறத்துக்குத் திரும்பிவிடும். நிறம் மாறினால் குழாயை மூடு என்று பழக்கிய பிள்ளைகள் ஒழுங்காக மூடினார்கள். எண்பதில் பாதி நாற்பது.

சீதாலெட்சுமி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவர் கண் அலமாரிக்கு மேலிருந்த பிளாஸ்டிக் போத்தலில் நிலைத்திருந்தது. அதன் அடியில் மஞ்சள் வண்டலாகப் படிந்திருந்தது.

“என்னாங்க” என்றார், கூட்டம் இருப்பதையே மறந்து. “எலி இங்கதான் வந்து தெளிச்சுச்சா?”

பிரவின் முதலில் சிரித்தான். பிறகு வகுப்பே சிரித்தது.

மானம் போகிற நேரத்தில் மனிதன் கையில் அகப்படுவதைப் பிடித்துக்கொள்வான். சிவநேசன் கையில் அகப்பட்டது, பல ஆண்டுகளாகக் கைவிடாமல் பிடித்திருந்த அதே ஒன்றுதான்.

“டத்தோ, நான் தெளிச்சேன், ஒத்துக்கறேன். ஏன் தெளிச்சேன்? திருமுருகன் எலுமிச்சம்பழம் போட்டான்! இந்தத் திட்டம் எனக்குக் கெடைக்கக்கூடாது, அவனுக்குக் கெடைக்கணும். அதுக்காக எதுவும் செய்வான். ஒங்களுக்கு அவனப் பத்தித் தெரியாது!”

“எலுமிச்சம்பழம் நம்ம வேன் பழம் லா, டாக்டர்” என்றார் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்த கீழ்க்கடைக்காரர். “கூட்டிப் பெருக்க மறந்துட்டேன். சாரி லா.”

டத்தோ தம்புசாமி பொன்னாடையை மடித்து நாற்காலியின் மேல் வைத்தார். நெற்றிப் பொட்டைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். ஃபர்ஹானாவைப் பார்த்து, “எங்க படிச்ச, ஆயி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குத் தலையை ஆட்டினார். படியிறங்கப் போனவர், வாசலில் ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

“டாக்டர், ஒன்னு கேக்கணும். திருமுருகனுக்கு இது வேணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

சிவநேசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சீதாலெட்சுமி இதே கேள்வியைக் கேட்டது நினைவுக்கு வந்தது.

சிலாங்கூர் மாநில அமாலிப் பயிற்சித் திட்டத்துக்கு அந்த ஆண்டு விண்ணப்பித்திருந்தது மெய்ப்பொருள் இரசாயனக் கூடம் ஒன்றுதான். அதுவும் தேர்வாகவில்லை.